மைக் பிடிக்கத் தெரியாதவங்களுக்கு: கைவேலையால இயேசுவ எப்படி சொல்றது

ஊழியம்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு கன்வென்ஷன் பந்தல், மைக், வசனம் அச்சடிச்ச கைப்பிரதி கட்டு, இதுதான் கண்ணுக்கு வருது. ஆனா சபைல முக்கால்வாசி பேருக்கு நாலு பேர் முன்னாடி நின்னு பேசவே வராது. பீடி சுத்துற அக்கா, பஸ் ஓட்டுற அண்ணாச்சி, நைட் டூட்டி பாக்குற நர்ஸ், பேரப்புள்ளைகள பாத்துக்கிற ஆச்சி, இவங்கெல்லாம் "நமக்கு எங்க ஊழியம், காணிக்கை போடுவோம் அவ்வளவுதான்"னு ஒதுங்கிடுறாங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நான் திருநெல்வேலி பக்கம், சி.எஸ்.ஐ சபை, அதனால சொல்ற உதாரணமெல்லாம் இந்த ஊர் ஆஸ்பத்திரி, இந்த ஊர் தெருவாத்தான் இருக்கும். உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

முதல்ல ரெண்டே ரெண்டு விஷயத்த மனசுல நல்லா பதிச்சுக்கோங்க, மிச்சமெல்லாம் இதுக்குள்ளதான் வருது. ஒண்ணு, உதவி செஞ்சா அத உதவியா மட்டும் செய்யுங்க, பின்னாடி ஒரு கொக்கி மாட்டி வைக்காதீங்க. ரெண்டு, "நீங்க ஏன் இதெல்லாம் பண்றீங்க"ன்னு அவங்களா கேட்டா இயேசுவோட பேரச் சொல்ல கூச்சப்படாதீங்க. நிறைய பேர் இதுல ஒண்ணத்தான் பண்றாங்க. சிலர் அஞ்சு கிலோ அரிசி குடுத்துட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை ஏன் கோயிலுக்கு வரலன்னு கேக்குறாங்க, சிலர் வருஷக்கணக்கா உதவி பண்ணிட்டு ஒரு நாளும் வாயத் திறக்குறதில்ல. ரெண்டுமே சரியில்லங்கிறதுதான் என் எண்ணம்.

கொக்கி வேண்டாம்னு நான் சொல்றது ஊர் நம்மள தப்பா பேசும்னு பயந்து இல்ல. "அரிசி குடுத்து மதம் மாத்துறாங்க"ன்னு ஒரு பேச்சு இருக்கு, அது நமக்கெல்லாம் தெரியும், ஆனா அந்தப் பேச்சே இல்லாத ஊரா இருந்தாலும் நான் இதத்தான் சொல்லுவேன். லூக்கா 17ல பத்து குஷ்டரோகிகள இயேசு சுகமாக்குறாரு, திரும்பி வந்து நன்றி சொன்னது ஒரே ஆளு, அதுவும் சமாரியன். "மற்ற ஒன்பதுபேர் எங்கே"ன்னு கேட்டாரு, உண்மைதான், அவருக்கு அது வருத்தமாத்தான் இருந்திருக்கும். ஆனா அந்த ஒன்பது பேரோட சுகத்த அவர் திருப்பி எடுத்துக்கல. நாம குடுக்குறதும் அப்படித்தான் இருக்கணும், அவங்க வந்தாலும் வராட்டாலும் குடுத்தது குடுத்ததுதான். இன்னொண்ணு, கஷ்டத்துல இருக்குற மனுஷனால "வேண்டாம்"னு சொல்ல முடியாது. அந்த நேரம் பாத்து அவன்கிட்ட ஒரு சம்மதத்த வாங்கினா அது சம்மதமே கிடையாது, அத வச்சு யாரும் ஆண்டவர்கிட்ட வந்ததா கணக்கு எழுதவும் கூடாது.

எங்க ஆரம்பிக்கிறது

உங்க வீட்டுக்கு அந்தப் பக்கம் அஞ்சு வீடு, இந்தப் பக்கம் அஞ்சு வீடு. அங்க ஆரம்பிங்க. ஒரு ராத்திரி உக்காந்து யோசிச்சுப் பாருங்க, எந்த வீட்ல வயசானவங்க தனியா இருக்காங்க, யாரு வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ டயாலிசிஸுக்குப் போறாங்க, எந்த வீட்டு ஆம்பள வளைகுடால இருக்காரு, எந்தப் பொண்ணு கைக்குழந்தைய வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கா. இது தெரியலன்னா முதல் வேலை தெரிஞ்சுக்கிறதுதான். நிறைய சபைகள்ல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்குற மலைக்கிராமத்துக்கு வேன் பிடிச்சுப் போவாங்க, எதிர்த்த வீட்டு தாத்தா விழுந்து இடுப்பு ஒடிஞ்சது தெரியாது. மலைக்குப் போறது நல்ல காரியந்தான், எதிர்த்த வீட்டையும் பாருங்க.

வேலூர் சி.எம்.சி ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், ஆனாலும் சொல்றேன். அந்தம்மாவுக்கு இந்தியால மிஷனரியா இருக்கவே விருப்பமில்ல. திண்டிவனத்துல அப்பா வீட்ல தங்கியிருந்தப்ப ஒரே ராத்திரில மூணு பேர் வந்து கதவத் தட்டுறாங்க, ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூணு பேர் பொண்டாட்டிக்கும் பிரசவக் கஷ்டம், ஆம்பள டாக்டர் பாக்கக்கூடாது, பொம்பள டாக்டர் வேணும். இவங்க அப்ப டாக்டர் இல்ல. காலைல மூணு பொண்ணுங்களும் செத்துட்டாங்கன்னு சேதி வருது. அதுக்கப்புறம்தான் அமெரிக்கா போயி மருத்துவம் படிச்சு 1900ல திரும்பி வந்து வேலூர்ல ஒத்த படுக்கையோட ஆரம்பிக்கிறாங்க. 1918ல பொண்ணுங்களுக்கு மருத்துவப் பள்ளியும் வந்துச்சு. இதுல நான் பாக்குறது என்னன்னா, அந்தம்மாவுக்கு அழைப்பு வந்தது கதவத் தட்டுன ஆளுங்க மூலமா. நம்ம கதவையும் தட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க, என்ன, "காஸ் தீந்துடுச்சு கொஞ்சம் பால காய்ச்சித் தரீங்களா"ன்னு தட்டுறாங்க.

ஆஸ்பத்திரி

இதப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா ஒரு சாதாரண ஆளு பெரிய செலவில்லாம செய்யக்கூடியது இதவிட வேற இல்லன்னு நினைக்கிறேன்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ராதாபுரம், அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில்னு சுத்துப்பட்டு எல்லா ஊர்ல இருந்தும் ஆளுங்க வராங்க. பாதிப் பேரு 108ல ராத்திரி வந்து இறங்குவாங்க. நோயாளிய உள்ள கொண்டுபோயிடுவாங்க, டாக்டர் நர்ஸ் எல்லாம் அவரப் பாத்துப்பாங்க. கூட வந்த பொம்பள ஒரு மஞ்சப்பையோட வராண்டாவுல நிப்பா. அவளத்தான் யாரும் பாக்க மாட்டாங்க. மாத்து சேலை இருக்காது, பக்கெட் இருக்காது, போன்ல சார்ஜ் இருக்காது, எந்த பில்டிங்ல எக்ஸ்ரே எங்க ரத்தம் குடுக்கணும்னு தெரியாது, சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சுன்னு அவளுக்கே ஞாபகம் இருக்காது.

அதனால நோயாளிய விட்டுட்டு கூட இருக்குறவங்கள குறிவைங்க. ஒரு பை ரெடி பண்ணிக்கோங்க: ஒரு சின்ன பக்கெட், மக்கு, சோப்பு, பேஸ்ட்டு பிரஷ், ஒரு துண்டு, ஒரு போர்வை, மடக்குற பாய், மூடி போட்ட டம்ளர், பழைய சார்ஜர் (டைப் சி ஒண்ணு, பழைய மாடல் ஒண்ணு), அப்புறம் பத்து ரூவா நோட்டா கொஞ்சம் சில்லறை. பிளாஸ்க் இருந்தா ரொம்ப நல்லது, ராத்திரி ரெண்டு மணிக்கு சுடுதண்ணிக்கு அலையறது பெரிய கொடுமை. அந்தப் பைல வசனம் போட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், சபை பேர் பிரிண்ட் பண்ண வேண்டாம். அது அவங்க பை.

போறதுக்கு ஒரு நாள், ஒரு நேரம் வச்சுக்கோங்க, பார்வையாளர் நேரத்துல மட்டும் போங்க, செக்யூரிட்டிகிட்ட சண்டை போட்டு உள்ள போறது சாட்சி இல்ல. வார்டு நர்ஸ்கிட்ட முதல்ல ஒரு வார்த்த, "சிஸ்டர், யாருக்காவது கூட ஆள் இல்லாம இருக்கா"ன்னு கேளுங்க, அவங்களுக்குத் தெரியும். ஐடா அம்மா அந்தக் காலத்துல ரோட்டோரத்துல மரத்தடில நின்னு வைத்தியம் பாத்தப்ப, குறிப்பிட்ட நாளைக்கு குறிப்பிட்ட இடத்துக்கு போனதாலதான் ஜனங்க அங்க வந்து காத்திருந்தாங்க. நினைச்சப்ப போனா யாரும் உங்கள நம்பி இருக்க மாட்டாங்க.

போயி என்ன பேசுறது? "சாப்டீங்களாம்மா" போதும். அதுதான் நம்ம ஊர்ல கதவத் திறக்குற கேள்வி. வயசுக்கு ஏத்த மாதிரி அக்கா, ஆச்சி, அண்ணாச்சி, தம்பின்னு கூப்பிடுங்க, "சிஸ்டர், பிரதர்"னு நம்ம சபை பாஷைய அங்க கொண்டு போகாதீங்க, அவங்க நர்ஸத்தான் சிஸ்டர்ங்குறாங்க. என்ன வியாதின்னு நோண்டாதீங்க, அவங்களா சொன்னா கேளுங்க. எந்த ஊருன்னு கேக்கலாம், ஆனா ஊரக் கேட்டுட்டு தெருவக் கேட்டுட்டு அப்படியே "என்ன ஆளுக"ங்கிற இடத்துக்குப் போற பழக்கம் நமக்கு இருக்கு, அத வாசலுக்கு வெளியவே விட்டுட்டுப் போங்க. "எல்லாம் நம்ம பாவத்தினால"ன்னு ஒரு வார்த்த தப்பித் தவறியும் வரக்கூடாது. "இதே வியாதி எங்க சித்தப்பாவுக்கும் வந்துச்சு"ன்னு ஆரம்பிக்கவும் வேண்டாம், பெரும்பாலும் அந்தக் கதைல சித்தப்பா பொழச்சிருக்க மாட்டாரு.

நோயாளிக்கு வெளிச் சாப்பாடு குடுக்கிறதுக்கு முன்னாடி நர்ஸ கேக்காம ஒரு வாய் கூட குடுக்காதீங்க. சர்க்கரை, உப்பு, ஆபரேஷனுக்கு வெறும் வயிறு, எத்தனையோ இருக்கு. கூட இருக்குறவங்களுக்கு இட்லி எப்பவும் சரியா வரும், சட்னிய தனியா கட்டுங்க, ராத்திரி வரைக்கும் வச்சிருந்து சாப்பிடுவாங்க.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, காசே செலவாகாது. "நான் ஒரு மணி நேரம் இவர் பக்கத்துல உக்காந்துக்கிறேன், நீங்க போயி குளிச்சிட்டு சாப்பிட்டுட்டு வாங்க." மூணு நாளா குளிக்காம கட்டில் ஓரத்துல சாஞ்சு தூங்குற பொண்ணுக்கு இது எவ்வளவு பெரிசுன்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். முதல் நாளே விட மாட்டாங்க, யாருன்னே தெரியாத ஆள நம்பி எப்படி விடுவாங்க, அது நியாயந்தான். மூணாவது வாரமோ நாலாவது வாரமோ விடுவாங்க. பெண்கள் வார்டுக்கு பொம்பளைங்களே போங்க, தனியா போகாம ரெண்டு பேரா போங்க.

பேப்பர் வேலையும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்லியிருப்பாங்க, ஆனா ரேஷன் கார்டு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க எங்க போறதுன்னு தெரியாம நிப்பாங்க, கவுண்டர்ல கேக்க பயப்படுவாங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒரு வாலிபப் பையன் கூட நின்னு பாரத்த நிரப்பிக் குடுத்தா பாதி வேதனை குறைஞ்சிரும். நம்ம வாலிபர் ஐக்கியத்துல எத்தனை பையங்க பட்டம் வாங்கிட்டு இருக்காங்க, இத அவங்ககிட்ட குடுங்க. ரத்தமும் அப்படித்தான். 18 வயசுல இருந்து 65 வரைக்கும், 45 கிலோவுக்கு மேல இருந்தா, மத்தபடி உடம்பு நல்லா இருந்தா குடுக்கலாம், ஆம்பளைங்க 90 நாளைக்கு ஒரு தடவ, பொம்பளைங்க 120 நாளைக்கு ஒரு தடவ. சபைல யாரு என்ன குரூப்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருங்க, ராத்திரி பத்து மணிக்கு போன் வந்தா வாட்ஸப்ல கத்திக்கிட்டு இருக்க வேண்டாம். நம்மகிட்ட "சிந்தப்பட்ட இரத்தம்"னு பாட்டு நிறைய இருக்கு, குடுக்குற இரத்தமும் இருக்கட்டும்.

ஜெபம் பண்ணலாமா? பண்ணலாம், கேட்டுட்டு. "உங்களுக்கு சரின்னா ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணட்டுமா, இல்லன்னாலும் பரவால்ல, வீட்ல போயி வேண்டிக்கிறேன்." சத்தமா வேண்டாம், பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் இப்பத்தான் கண் அசந்திருப்பாரு. அந்நியபாஷை வேண்டாம், எண்ணெய் வேண்டாம், "விசுவாசிச்சா நாளைக்கே எழுந்து நடப்பீங்க"ங்கிற வாக்குறுதி கண்டிப்பா வேண்டாம், மாத்திரைய நிறுத்தச் சொல்ற பேச்சு வந்துச்சுன்னா அந்த ஆள அடுத்த வாரம் கூட்டிட்டுப் போகாதீங்க. வேண்டாம்னு தலையாட்டினா சிரிச்சிட்டு, "ஆச்சி, சாயங்காலம் பால் வாங்கிட்டு வரட்டா"ன்னு கேளுங்க. ஜெபம் வேண்டாம்னு சொன்னவங்களுக்கு பால் நின்னு போச்சுன்னா, அப்ப பாலும் சுவிசேஷமும் ரெண்டுமே பொய்யாயிடும். எழுந்திரிக்கவே முடியாம படுத்திருக்குற ஆள்கிட்ட இன்னும் ஜாக்கிரதை, அவரால எழுந்து போக முடியாது, கேட்டுத்தான் ஆகணும்னு கட்டாயம். தலகாணிக்கு அடியில கைப்பிரதி சொருகிட்டு வராதீங்க.

டிஸ்சார்ஜ் ஆனதும் முடிஞ்சிருச்சுன்னு நினைக்காதீங்க. நல்ல சமாரியன் கதைல எல்லாரும் எண்ணெய், திராட்சரசம், கழுதை வரைக்கும் பிரசங்கம் பண்ணுவாங்க, எனக்குப் பிடிச்சது கடைசி வரிதான். சத்திரத்தான் கைல ரெண்டு பணம் குடுத்துட்டு, அதிகமா செலவழிச்சா "நான் திரும்பிவரும்போது அதை உனக்குத் தருவேன்"ங்குறான். திரும்பி வர்றதா சொல்றான் பாருங்க. ஒரு வாரம் கழிச்சு ஒரு போன் போடுங்க, அடுத்த செக்கப் தேதி என்னைக்குன்னு கேளுங்க, அந்த தேதிய உங்க காலண்டர்ல எழுதிக்கோங்க.

துட்டி வீடு

பக்கத்து வீட்ல ஒரு சாவுன்னா நம்ம ஆளுங்க சில பேர் வாசலோட நின்னுடுறாங்க, சடங்கு நடக்குது நாம போகக்கூடாதுன்னு. சடங்குல கலந்துக்கணும்னு யாரும் உங்கள கேக்கல. சேர் இறக்க ஆள் வேணும், தண்ணி கேன் தூக்க ஆள் வேணும், ஃப்ரீசர் பாக்ஸுக்கு போன் பண்ண ஆள் வேணும், வெளியூர்ல இருந்து வர்றவங்கள ஜங்ஷன்ல போயி கூட்டிட்டு வர பைக் வேணும். சின்னப் புள்ளைங்க அழுதுகிட்டு திரியும், அதுங்கள உங்க வீட்டுக்கு கூட்டிட்டு வந்து தோசை சுட்டுக் குடுங்க. அந்த வீட்ல அடுப்பு எரியாது, அதனால காபித் தூக்கோட போங்க.

பேசுறது கம்மியா இருக்கட்டும். மோட்சம் நரகம் பத்தி அன்னைக்கு ஒரு வார்த்த வேண்டாம். ரோமர் 12:15ல "அழுகிறவர்களுடனே அழுங்கள்"னுதான் போட்டிருக்கு, அழுறவங்களுக்கு விளக்கம் சொல்லுங்கன்னு போடல.

பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்சதும் சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பிருவாங்க. உண்மையான வேலை அப்பத்தான் ஆரம்பிக்குது. இறப்பு பதிவு 21 நாளைக்குள்ள பண்ணணும், அந்த சர்டிபிகேட் இல்லாம பேங்க்ல ஒண்ணும் நகராது, அப்புறம் வாரிசு சான்றிதழ், விதவை பென்ஷன், காஸ் கனெக்ஷன் பேர் மாத்துறது. நாப்பது வயசுல புருஷன பறிகொடுத்த பொண்ணு தாலுகா ஆபீஸ்ல தனியா நிக்கிறத நினைச்சுப் பாருங்க. சபைல ரிட்டயர்டு கிளார்க், வி.ஏ.ஓ யாராவது இருப்பாங்க, அவங்க ஊழியம் இதுதான், ஞாயித்துக்கிழமை காணிக்கை எண்ணுறது மட்டும் இல்ல. புருஷன் செத்த வீட்டுக்கு ஆம்பளைங்க தனியா அடிக்கடி போகாதீங்க, ஊர் வாய் அந்தப் பொண்ணத்தான் கடிக்கும், வீட்ல அக்காவயோ அம்மாவயோ கூட்டிட்டுப் போங்க.

அந்த டம்ளர்

இது கொஞ்சம் கசக்கும், ஆனா சொல்லாம விட முடியல.

காலைல தெரு கூட்ட வர்ற தூய்மைப் பணியாளர் அக்கா வெயில்ல நின்னு தண்ணி கேட்டா எதுல குடுக்குறீங்க? நல்லா யோசிச்சுப் பாருங்க. சில வீட்ல பேப்பர் கப்பு, சில வீட்ல அதுக்குன்னே ஓரமா ஒரு நசுங்கின டம்ளர், சில வீட்ல பழைய பாட்டில்ல ஊத்தி "வச்சுக்கோங்க"ம்பாங்க. அதே வீட்ல வாசலுக்கு மேல "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்"னு போர்டு தொங்கும். அந்த அக்கா போர்ட படிக்க மாட்டாங்க, டம்ளரத்தான் படிப்பாங்க. நீங்க காபி குடிக்கிற டம்ளர்ல குடுங்க, திண்ணைல உக்காரச் சொல்லுங்க, பேரக் கேளுங்க, அடுத்த நாள் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அவங்க வீட்டு கல்யாணத்துக்கு பத்திரிகை வச்சா போங்க, போயி பந்தில உக்காந்து சாப்பிடுங்க, மொய் எழுதிட்டு ஓடி வராதீங்க.

நம்ம ஊர் பக்கம் வெள்ளாளன்விளைல பிறந்த வி.எஸ். அசரியா, 1912ல ஆங்கிலிக்கன் சபைல முதல் இந்திய பிஷப் ஆனவரு, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 1910ல எடின்பரோல உலக மிஷனரி மாநாட்டுல பேசினாரு. மிஷனரிமார் நிறைஞ்ச சபை, அவங்க முன்னாடியே நின்னு சொன்னாரு: ஏழைகளுக்கு உங்க பொருளக் குடுத்தீங்க, உங்க உடம்பையும் சுட்டெரிக்கக் குடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்குறோம், எங்களுக்கு நண்பர்களத் தாங்க. பள்ளிக்கூடம் கட்டினாங்க, ஆஸ்பத்திரி கட்டினாங்க, ஆனா நம்ம ஆளுங்கள தங்களோட சரிசமமா உக்கார வச்சு சாப்பிட எத்தனை பேர் கூப்பிட்டாங்கங்கிறதுதான் அவர் வருத்தம். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கு அந்த வெள்ளைக்கார மிஷனரி இடத்துல உக்காந்திருக்கிறது நாமதான், வருஷத்துக்கு ஒரு தடவ கிறிஸ்மஸுக்கு சேலை குடுத்துட்டு, அந்தச் சேலைய வாங்கினவங்க வீட்ல ஒரு வாய் தண்ணி குடிக்காம வர்றோம். நம்ம பக்கத்து கோயில்கள்ல அசனப் பண்டிகைக்கு ஊரே வரிசையா உக்காந்து சாப்பிடுது, எந்த சாதி எந்த மதம்னு யாரும் பாக்குறதில்ல, எவ்வளவு அழகு அது. அந்த ஒரு நாள வருஷம் பூரா நம்ம வீட்டு அடுக்களைல நடத்தணும்.

வாங்கிக்கவும் பழகுங்க

யோவான் 4ல சமாரிய ஸ்திரீகிட்ட இயேசு முதல்ல பேசின வார்த்தையே "தாகத்துக்குத் தா"தான். ஜீவத்தண்ணி பத்தி அதுக்கு அப்புறம்தான் பேசுறாரு. நாம எப்பவும் குடுக்குற இடத்துலயே நின்னா எதிர்ல இருக்குறவங்க எப்பவும் கை நீட்டுற இடத்துலயே நிக்கணும், அது அவங்களுக்கு வலிக்கும். அதனால பக்கத்து வீட்டு மாமிகிட்ட போயி ஒரு கப் சீனி கடன் கேளுங்க, உங்க பொண்ணுக்கு கணக்கு சொல்லித் தரச் சொல்லுங்க, ஊருக்குப் போனா சாவிய குடுத்துட்டுப் போங்க.

தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் கொண்டு வருவாங்க. இதப் பத்தி சபைக்கு சபை ஒரு கருத்து இருக்கு, எனக்கும் ஒண்ணு இருக்கு. படைச்சதுன்னு அவங்களே சொன்னா உங்க மனசாட்சி இடம் குடுக்கலன்னா பணிவா சொல்லிடுங்க, அவங்க புரிஞ்சுக்குவாங்க. ஆனா அவிசுவாசி விருந்துக்கு கூப்பிட்டா மனசாட்சிக்காக ஒண்ணையும் விசாரிக்காம முன்னாடி வைக்கிறத சாப்பிடுங்கன்னு 1 கொரிந்தியர் 10:27ல பவுலே சொல்றாரு. ஒவ்வொரு தட்டையும் வாங்கி வச்சு "இது எங்க வச்சது"ன்னு விசாரணை நடத்த வேண்டியதில்ல. சிரிச்சு வாங்கிட்டு அவங்க தலை மறைஞ்சதும் குப்பைல கொட்டுறது மட்டும் கூடவே கூடாது. அந்த வீட்டு அம்மா ரெண்டு நாள் அடுப்புப் பக்கத்துல நின்னு சுட்டது அது. நாம கிறிஸ்மஸ் கேக்க அவங்க எவ்வளவு சந்தோஷமா வாங்கிக்கிறாங்க!

காசு, போட்டோ

காசு பெரிசா வேணும்னு இல்ல. நம்ம ஆச்சிமார் சோறு பொங்கும்போது ஒரு கைப்பிடி அரிசிய தனிப் பானைல எடுத்து வச்சு கோயிலுக்கு குடுத்தாங்க, அந்த மாதிரி எளிய ஜனங்களோட காணிக்கைலதான் 1903ல பாளையங்கோட்டைல ஆரம்பிச்ச இந்திய மிஷனரி சங்கம் மாதிரி வேலைங்க நின்னுச்சு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாப்பது நாளும் கறி வாங்காம மிச்சம் பண்ணுற காச ஒரு டப்பால போடுங்க, ஆஸ்பத்திரி பைக்கு அது போதும். ரெண்டு பேருக்கு மேல சேந்து பண்ணா கணக்கு எழுதுங்க, பில்ல பத்திரமா வைங்க. கடனா கேட்டா, திரும்பி வராட்டாலும் பரவாயில்லங்கிற அளவுக்கு மட்டும் குடுங்க, அதுக்கு மேல குடுத்து உறவ கெடுத்துக்காதீங்க.

போட்டோ எடுக்காதீங்க. அரிசிப் பைய ரெண்டு பேரா பிடிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ, கட்டில்ல கிடக்குறவருக்கு ஹார்லிக்ஸ் குடுக்குற போட்டோ, அத ஸ்டேட்டஸ்ல போட்டு கீழ "எல்லா மகிமையும் தேவனுக்கே". வலது கை செய்யுறது இடது கைக்கே தெரியக்கூடாதுன்னு ஆண்டவர் சொல்லியிருக்க, நாம முன்னூறு பேருக்குக் காட்டிக்கிட்டு இருக்கோம். அந்த மனுஷனோட பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருப்பாங்க, அவர் கை நீட்டி வாங்குற படம் ஊர் பூரா சுத்தும். "மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு"ன்னும் வசனம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. கூட வாழுறவங்க கண்ணுக்கு அது தானா தெரியும், கேமரா தேவையில்ல. சபைக்கு கணக்கு காட்டணும்னா பில்ல காட்டுங்க, முகத்த காட்டாதீங்க.

ஒருத்தரும் கேக்கலன்னா

கேக்காமலே போகலாம். வருஷக்கணக்கா பழகியும் ஒரு தடவ கூட உங்க விசுவாசத்தப் பத்தி கேக்காத ஆளுங்க இருப்பாங்க. ஏமி கார்மைக்கேல் அம்மா 1895ல இந்தியாவுக்கு வந்தவங்க, களக்காடு பக்கம் டோனாவூர்ல குழந்தைகளோட இருந்து 1951ல அங்கேயே கண்ண மூடினாங்க, நடுவுல ஒரு தடவ கூட சொந்த ஊருக்கு லீவுல போகல. ஒரே இடத்துல நின்னாங்க. நமக்கு மூணு மாசத்துல பலன் தெரியலன்னா வேற தெருவுக்கு மாறணும்னு தோணுது. மாறாதீங்க. அந்த வீட்டுக்கு செய்றத அந்த வீட்டுக்காகவே செய்யுங்க, ராத்திரி ஜெபத்துல அவங்க பேரச் சொல்லுங்க, அத அவங்ககிட்ட சொல்லிக் காட்ட வேண்டாம்.

கேட்டா

கேக்குற நாள் வரும்போது எதிர்பாக்காத நேரத்துல வரும். பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கும்போது, "ஏன் அண்ணாச்சி, எங்களுக்கு எதுக்கு இவ்வளவு செய்யுதிய"ன்னு சாதாரணமா கேப்பாங்க. அப்ப "சும்மாதான், மனுஷனுக்கு மனுஷன்"னு மழுப்பாதீங்க. பேதுரு எழுதினது என்னன்னா, விசாரிச்சுக் கேக்குற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்ல எப்பவும் ஆயத்தமா இருங்கன்னு. ஆயத்தம்னா முன்கூட்டியே யோசிச்சு வச்சிருக்கணும். வீட்ல உக்காந்து மூணு நிமிஷத்துல சொல்ற மாதிரி உங்க வார்த்தைல எழுதிப் பாருங்க, சபை பாஷை இல்லாம. "இரட்சிக்கப்பட்டேன், அபிஷேகம் பெற்றேன்"னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. இந்த மாதிரி சொல்லலாம்: "நான் ஒண்ணுக்கும் ஆகாம இருந்தப்ப இயேசு என்ன தள்ளல, மன்னிச்சாரு, எனக்காக உயிரையே குடுத்தாருன்னு நான் நம்புறேன். அந்த அன்பு எனக்கு சும்மா கிடைச்சது, அதான் நானும் செய்றேன். நீங்க எனக்கு ஒண்ணும் திருப்பிச் செய்ய வேண்டாம்." அவ்வளவுதான். அவங்க சாமியப் பத்தி ஒரு குறையும் பேசாதீங்க, அது தேவையும் இல்ல, சாந்தமும் இல்ல, வணக்கமும் இல்ல. சொல்லி முடிச்சதும் டீய குடிங்க, வேற பேச்சுக்குப் போங்க. இன்னும் கேக்கணும்னா அவங்களே கேப்பாங்க.

தெரியாத கேள்வி கேட்டா, எங்க அம்மா நல்லவங்க அவங்க ஏன் கேன்சர்ல செத்தாங்கன்னு கேட்டா, "எனக்குத் தெரியல"ன்னு சொல்லுங்க. உபதேசியாரோட மனப்பாடப் பதில எடுத்து விடாதீங்க. லாசருவோட கல்லறை முன்னாடி இயேசு கண்ணீர் விட்டாருன்னு வேணும்னா சொல்லலாம், அது உண்மை, அதோட நிறுத்திக்கலாம்.

படிக்க ஏதாவது இருக்கான்னு கேட்டா மொத்த பைபிளையும் தூக்கிக் குடுத்துட்டு வராதீங்க, ஆதியாகமத்துல ஆரம்பிச்சு லேவியராகமத்துல நின்னு போயிரும். லூக்கா சுவிசேஷம் தனியா சின்னப் புக்கா கிடைக்குது, அதக் குடுங்க, பழைய தமிழ் கஷ்டமா இருந்தா எளிய நடைல வந்திருக்குற மொழிபெயர்ப்பு எடுத்துக் குடுங்க. படிச்சியா படிச்சியான்னு பரீட்சை வைக்காதீங்க.

கோயிலுக்கு ஒரு நாள் வரட்டுமான்னு கேட்டா, வீட்ல உள்ளவங்களுக்கு சொல்லிட்டு வரச் சொல்லுங்க, ஒளிஞ்சு வர வைக்காதீங்க. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைங்கன்னா அப்பா அம்மா சரின்னு சொல்லாம கூட்டிட்டுப் போகவே கூடாது. வந்தா பின்னாடி பெஞ்சுல, ஃபேன் இருக்குற இடமா பாத்து, உங்க வீட்டுக்காரங்க பக்கத்துல உக்கார வைங்க. எப்ப எழுந்திரிக்கணும் எப்ப உக்காரணும்னு காதுல சொல்லுங்க, காணிக்கைப் பை வரும்போது "நீங்க போட வேண்டாம்"னு முன்னாடியே சொல்லிடுங்க. நற்கருணை நேரத்துல என்ன நடக்குது, ஏன் அவங்க பெஞ்சுலயே இருக்கலாம்ங்கிறதையும் ஆராதனைக்கு முன்னாடியே சொல்லிட்டா சங்கடம் இருக்காது. ஐயர்கிட்ட (நம்ம சபை போதகர்தான்) முன்கூட்டியே ஒரு வார்த்த சொல்லி வைங்க, மேடைல இருந்து "இன்னைக்கு நம்ம மத்தியில ஒரு புதிய ஆத்துமா"ன்னு கைதட்ட வைக்க வேண்டாம்னு, சாட்சி சொல்லச் சொல்லி மைக்க நீட்ட வேண்டாம்னு. ஆராதனை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு கூட்டிட்டு வந்து இலை போடுங்க. ஞாயித்துக்கிழமை கறிக்குழம்பு வைக்கிற வீடா இருந்தா, அவங்க சைவமா அசைவமான்னு முந்தின நாளே கேட்டு வச்சுக்கோங்க.